பதினொன்றாம் அறை ஆட்டோகிராஃப்

9 ஜூன் 2025, திங்கள்

கரண்ட் பில் கட்டினேன். மலையில் சாரல் பிடித்துவிட்டது. தென்காசியில் வெயில், ஆனால் மேற்கே மலை இருந்த இடம் தெரியவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் இன்று இரண்டே மனு. "எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டா போதுமாமே அண்ணாச்சி" என்று கேட்பவர்கள்தான் அது நிராகரிக்கப்பட்டதும் என் பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள்.

மதியம் குமரகுரு வந்தான். குற்றாலத்தில் நான் முன்பு வேலை பார்த்த லாட்ஜின் பெரிய முதலாளிக்குப் பேரன். லாட்ஜை இடிக்கிறார்களாம். "பதினொன்னாம் ரூம்ல சுவர் அலமாரியைப் பேத்தப்ப பின்னால கிடந்துச்சு. எடைக்குப் போட மனசு வரல. உங்களுக்குத்தான் பழைய காயிதம்னா பிடிக்கும்லா" என்று ஒரு பையை நீட்டினான்.

உள்ளே ஓர் ஆட்டோகிராஃப் புத்தகம். பச்சை ரெக்சின் அட்டை. மயில் படம்.

வாங்கிக்கொண்டேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. 

நாற்பத்தொன்பது வருஷம்.


10 ஜூன், செவ்வாய்

ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதியவன் எனக்கென்று ஒன்று எழுதியதில்லை. இதை ஒரு தடவையாவது முறையாக எழுதி வைக்கிறேன்.

1976 ஜூலை. எனக்கு இருபது வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அப்பா போன பிறகு லாட்ஜில் ரூம் பாய். சீசன் என்றால் அந்தக் கட்டடமே நனைந்து கிடக்கும். வராந்தா நெடுக ஈரத்துண்டுகள். படிக்கட்டில் நல்லெண்ணெய் வழுக்கும். மூலைக்கு மூலை மங்குஸ்தான் தோல். எங்கே நின்று பேசினாலும் உரக்கத்தான் பேச வேண்டும், அருவி விடாது. ஒரு ரூம் காலியானதும் நான் முதலில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். சில்லறைக்கு இல்லை, காகிதத்துக்கு. விட்டுப்போன தினசரி, ரயில் நேர அட்டவணை, பாதி கிழிந்த மாதநாவல், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டு. நான் இங்கிலீஷ் படித்தது சோப்பு உறையிலும் மருந்துச் சீட்டிலும்தான். எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். பெரிய முதலாளி ஒருநாள் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "ஆடி கழியட்டும்லே, உன்னைக் கவுண்டர்ல உக்கார வைக்கேன்" என்றார். அன்றைக்கு ஐந்தருவி வரைக்கும் நடந்தே போய் நடந்தே திரும்பினேன். வேறு எதற்கும் இல்லை, சந்தோஷத்துக்கு.

பதினெட்டாம் தேதி ஆசிரியப் பயிற்சிப் பள்ளிப் பெண்கள் வந்தார்கள். சான்றிதழ் வாங்கிய கையோடு அருவியில் குளித்துவிட்டுப் பிரிகிற ஏற்பாடு. கூட ஒரு வார்டன் அம்மா. மறுநாள் காலையில் ஒரு பிள்ளையின் ஆட்டோகிராஃபைக் காணவில்லை. "பச்சை அட்டை, மயில் படம்" என்று வார்டன் அம்மா பத்துத் தடவை சொன்னார். மேனேஜர் யோசிக்கவே இல்லை. "காயிதம்னா வல்லிநாயகந்தான் எடுப்பான்." அவ்வளவுதான் சாட்சி. முற்றத்தில் என் பெட்டியைக் கவிழ்த்தார்கள். நாலு வருஷச் சேகரம் சாரலில் நனைந்து தரையோடு ஒட்டிக்கொண்டது. புத்தகம் அதில் இல்லை. இல்லாததே குற்றமாகிவிட்டது. "எங்கனலே ஒளிச்சு வச்சிருக்க?" அடி. பிறகும் அடி.

மேல் வராந்தாவில் பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். புத்தகத்துக்காரி அவள்தான் என்று தெரிந்துகொண்டேன். ஒரு நோட்டுக்காக இப்படி அழுகிறாளே, கீழே ஒருவன் அடிபடுவது கண்ணில் படவில்லையா என்று நினைத்தேன். அவள் பெயரை யாரும் சொல்லவில்லை.

சாயங்காலமே வேலை போயிற்று. அம்மாவும் நம்பவில்லை. "பசிச்சு சோத்தை எடுத்தான்னாவது வெளிய சொல்லலாம். காயிதத்தைப் போய் எதுக்குலே எடுத்த?" சாகும்வரைக்கும் அவளுக்கு அந்தக் குறை இருந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றே. புத்தகத்துக்காரியைக் கண்டுபிடிக்க வேண்டும். "இவர் எடுக்கவில்லை" என்று அவள் எழுதித் தர வேண்டும். கையொப்பத்துடன். தேதியுடன்.


12 ஜூன், வியாழன்

முதல் தாளைச் செல் அரித்துவிட்டது. சொந்தக்காரியின் பெயர் அதில்தான் இருந்திருக்கும். மற்ற பக்கங்கள் அதிசயமாகப் பிழைத்திருக்கின்றன. ரோஸ், மஞ்சள், இளம்பச்சை, நீலம் என்று மாறி மாறி வரும் தாள்கள். இருபத்து மூன்று பக்கங்களில் எழுத்து இருக்கிறது. ஒவ்வொருத்தியும் "அன்புத் தோழிக்கு" என்றுதான் தொடங்குகிறாள். ஒருத்தியாவது தோழியின் பெயரைச் சொல்லித் தொலைத்தாளா?

முருகம்மாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போடத் தெரியுமே தவிர என் வீட்டுக்காரிக்கு வாசிக்க வராது. கல்யாணமான புதிதில் நான் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் சிலேட்டைத் திருப்பித் தந்துவிட்டாள். "சத்தமா வாசிங்க, நானும் கேக்கேன்" என்றாள். வாசித்தேன்.

"கரும்பலகையில் எழுதினால் துணி துடைக்கும். இங்கே எழுதிவிட்டேன், யார் துடைக்கிறார் பார்ப்போம்."

"கல்யாணப் பத்திரிகை அனுப்பாவிட்டால் சபிப்பேன். இப்படிக்கு, முனிவர்."

"இலட்சியம்: தலைமையாசிரியை. பிடித்த நிறம்: வெளிர் ஊதா. பிடித்த உணவு: அடுத்தவர் சமைத்தது."

கடைசியைக் கேட்டு முருகம்மாள் அரிவாள்மனையை விட்டு எழுந்து சிரித்தாள். "விவரமான பிள்ளை."

எனக்கும் சிரிப்பு வந்தது. இருபது வயதில் நானும் யாரிடமாவது ஒரு நோட்டை நீட்டி எழுதச் சொல்லியிருப்பேன், எட்டாவதோடு நிற்காமல் இருந்திருந்தால். எட்டாவதில் யாரும் ஆட்டோகிராஃப் கேட்பதில்லை.

இருபத்திரண்டு பேர் நிரந்தர முகவரி எழுதியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் ஒற்றை வரியும் "மு. கனி" என்ற கையொப்பமும். இருபத்திரண்டு தபால் அட்டை வாங்கி வந்து எழுதிப் போட்டுவிட்டேன்.


15 ஜூன், ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் செய்தாள். "போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா, ஃபேஸ்புக்ல போட்டா ஒரே நாள்ல ஆளைப் பிடிச்சிரலாம்." முடியாது என்றேன். அடுத்தவள் எழுத்தை ஊருக்குக் காட்டுவதற்கு நான் யார்? எடுக்காதபோதே அடித்தார்கள்.

"எந்தக் காலத்துக் கதைப்பா, இன்னுமா?" என்றாள். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.


20 ஜூன், வெள்ளி

ஒன்பது அட்டைகள் திரும்பி வந்துவிட்டன. "இப்பெயரில் எவரும் இல்லை." பெண்பிள்ளைகள் நிரந்தர முகவரி என்று அப்பன் வீட்டை எழுதி வைத்திருக்கிறார்கள். அது எத்தனை நாளைக்கு நிரந்தரம்? எழுதும்போது ஒருத்திக்காவது அது தோன்றியிருக்குமா?


26 ஜூன், வியாழன்

பதில்! புளியறை நிர்மலாதேவி. அத்தை மகனைக் கட்டிக்கொண்டதால் தெரு மாறவில்லையாம். வரச் சொல்லி எழுதியிருக்கிறார்.


3 ஜூலை, வியாழன்

புளியறை போனேன். செக்போஸ்டில் லாரிகள் எப்போதும்போல வரிசை கட்டி நின்றன. வேலை போன பிறகு இந்த ரோட்டில்தான் ஒரு சாயாக்கடையில் ஆறு வருஷம் டம்ளர் கழுவினேன். கடை இருந்த இடத்தில் இப்போது டயர் விற்கிறார்கள்.

நிர்மலாதேவி அம்மாள் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். தன் பக்கத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். "அடுத்தவர் சமைத்ததுன்னு எழுதினது நானா? இன்னைக்கு வரைக்கும் அடுப்புல நாந்தானே வேகுதேன்!" புத்தகம் யாருடையது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாருடைய நோட்டிலும் இதையேதான் எழுதினாராம். குற்றாலத்துக்கும் அவர் வரவில்லை, அம்மை போட்டிருந்தது. காணாமல் போன விஷயமே தெரியாது.

ஆனால் வகுப்புப் போட்டோ வைத்திருந்தார். மூன்று வரிசைப் பெண்கள், எல்லாருக்கும் ரெட்டைச் சடை, கீழே பெயர்கள். இருபத்து நான்கு.

"கனி யாரு?" என்றேன்.

"அது பிள்ளை இல்ல. முகம்மது கனி சார். டிராயிங் மாஸ்டர்." பிறகு சொன்னார்: "எல்லாரும் அவர்கிட்ட கையெழுத்து வாங்க மாட்டோம். வார்டனுக்குப் பயம்."

சரி, அவரைக் கழித்தால் கையெழுத்துப் போட்ட பெண்கள் இருபத்திரண்டு. பெயர் பெயராகப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன். மிச்சம் இரண்டு. ரெங்கம்மாள். ஜோதிலட்சுமி. தன் புத்தகத்தில் தானே யாரும் எழுதிக்கொள்வதில்லை, ஆகவே ஒருத்தி சொந்தக்காரி. அப்படியானால் இன்னொருத்தி ஏன் எழுதவில்லை?

"பேச்சு விட்டிருப்பா. பேசாதவகிட்ட நோட்டை நீட்ட மாட்டோம். அவளே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டோம்" என்றார். யார் யாரோடு பேசவில்லை என்பது அவருக்கு நினைவில்லை. ரெங்கம்மாள் வீரகேரளம்புதூரில் இருக்கிறார் என்று மட்டும் தெரியும். ஜோதிலட்சுமி கல்யாணமாகி எங்கே போனாரோ.

போட்டோவைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தேன். அழுத முகம் எது? துண்டுக்குப் பின்னால் இருந்த முகத்தை நான் எப்படி அடையாளம் சொல்ல? ஆனால் ரெங்கம்மாள் முதல் வரிசையில் கெத்தாக உட்கார்ந்திருக்கிறார். ரெக்சின் அட்டை வாங்குகிற வீட்டுப் பிள்ளை மாதிரித் தெரிகிறார். அவர்தான்.


5 ஜூலை, சனி

வாக்குமூலம் எழுதி முடித்தேன். ஏழு வரி. மரியாதையாகவே எழுதியிருக்கிறேன்: "என் கவனக்குறைவால் புத்தகம் அலமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. வல்லிநாயகம் அதை எடுக்கவில்லை."


11 ஜூலை, வெள்ளி

வீரகேரளம்புதூர். ரெங்கம்மாள் அம்மாள் வாசலில் ஈஸிசேரில் இருந்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை நின்றபடியே சொல்லிப் புத்தகத்தை நீட்டினேன். புரட்டினார். மூன்றாம் பக்கத்திலேயே மூடிப் பக்கத்து ஸ்டூலில் போட்டார்.

"இது என்னது இல்ல. அவளுது. ஜோதியோடது."

திண்ணையில் உட்கார்ந்தேன்.

"நீங்க ஏன் எழுதல?"

"என்னை அவ கேக்கல. கேட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். எனக்கும் அவளுக்கும் பேச்சு கிடையாது."

"அப்பவா?"

"இப்பவும்தான்."

அவரே மோர் கொடுத்தார், அவரே சொன்னார். கனி சார் ஜோதியின் நோட்டில் எழுதியதை இவர் பார்த்திருக்கிறார். குற்றாலத்தில் வைத்து வார்டனிடம் சொல்லியிருக்கிறார். வார்டன் உடனே எல்லாருடைய ஆட்டோகிராஃபையும் காலையில் கொண்டுவந்து காட்டச் சொல்லிவிட்டார். காலையில் ஜோதி, "காணோம்" என்றாளாம்.

"அவதான் ஒளிச்சிருப்பான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"தெரியும்."

"கீழ ஒருத்தனைப் போட்டு அடிச்சாவ."

"பாத்தேன்."

"சொல்லலியே நீங்க."

"என்னை யாரு கேட்டா? நான் ஒரு தடவை சொல்லித்தானே எல்லாம் வந்துச்சு. ரெண்டாந்தடவையும் நானே போய்ச் சொல்லணுமாக்கும்?"

மோரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பெரிய மனுஷி, ஒன்றும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். வாசல் தாண்டியதும் பின்னாலிருந்து குரல். "வடகரை. ரைஸ்மில்லுக்கு எதித்த வீடு. மகன் உரக்கடை வச்சிருக்கான். தை மாசம் ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் பண்ணியிருக்கா."

"பேச்சே கிடையாதுன்னிய?"

"பேசாட்டா விவரம் தெரியாதா?"


12 ஜூலை, சனி

எப்படி எழுதுவது?

நேற்று வந்ததும் முருகம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்துக்காரியே ஒளித்து வைத்தாள், அதற்கு நான் அடி வாங்கினேன், இப்போது சாட்சியும் கிடைத்துவிட்டது, கேட்டாயா என்றேன். முருகம்மாள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ நீங்க எடுக்கலியா?"

நாற்பத்து நான்கு வருஷமாக ஒரே வீடு. ஒரே சோறு.

"எடுத்தேன்னா நினைச்சே?"

"ஆமா. எங்கப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலயே யாரோ சொல்லிட்டாவ. பையனுக்கு ஒரு தடவை கை நீண்டிருக்குன்னு. படிக்கத்தானே எடுத்திருக்காரு, சாராயத்துக்கா எடுத்தாரு, எனக்குச் சம்மதம்னு நாந்தான் சொன்னேன்."

"நான் எடுக்கலன்னு எத்தனை தடவை உன்கிட்ட சொல்லியிருக்கேன்?"

"சொன்னிய. எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாவ."

இவள் என்னை மன்னித்து வைத்திருந்திருக்கிறாள். செய்யாததற்கு. இத்தனை வருஷம் சோறு போட்ட கை மன்னித்த கை. மேனேஜர் அடித்தது இதைவிட மேல். மேலா? ஆமாம், மேல்.


13 ஜூலை, ஞாயிறு

பேசவில்லை.


17 ஜூலை, வியாழன்

தோசையை என் முன்னால் வைத்துவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து, "சட்னி உறைக்கும்" என்று சொன்னாள். நானும் சுவரிடமே, "தெரியும்" என்றேன்.


21 ஜூலை, திங்கள்

வடகரை போய்விட்டு வந்தேன். பொறுமையாக எழுதுகிறேன்.

வழியெல்லாம் நாற்று நட்டிருந்தார்கள். பஸ் ஜன்னலில் மலை கூடவே வந்தது. அந்த லாட்ஜ் மாடியில் துணி காயப்போடும்போது பார்க்கிற அதே மடிப்பு, இந்தப் பக்கத்திலிருந்து. என்ன கடுமையாகப் பேச வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனவனுக்குப் பாதி வழியில் மங்குஸ்தான் வாசனைதான் ஞாபகம் வந்தது. என்ன மனம் இது.

ஜோதிலட்சுமி அம்மாள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஒல்லி. முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். பைக்குள்ளிருந்து பச்சை அட்டை பாதி வெளியே வந்ததுமே, "லாட்ஜை இடிச்சுட்டாவளா?" என்று கேட்டார். நான் யார் என்று சொல்லவில்லை. சொல்ல அவர் விடவில்லை.

"நீங்க அந்த ரூம் பாய்தானே."

"ஆமா."

"உக்காருங்க" என்றார். நான் உட்கார்ந்த பிறகும் அவர் நின்றுகொண்டே இருந்தார். நின்றபடியே சொன்னார்.

வார்டன் சோதிக்கப் போகிறார் என்று தெரிந்ததும், அலமாரிப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் புத்தகத்தைச் செருகியிருக்கிறார். சோதனை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. அது உள்ளே சறுக்கிக் கீழே போய்விட்டது. கை எட்டவில்லை. காணோம் என்று மட்டும் சொன்னார். யார் எடுத்ததாகவும் சொல்லவில்லை. "திருட்டுன்னு ஆகும்னு நினைக்கல. ஆனதுக்கப்புறம் வாய் வரல."

"அந்த டிராயிங் மாஸ்டர் அப்படி என்னதான் எழுதிட்டாரு? நான் படிச்சேன், 'கையெழுத்து அழகு. விட்டுவிட வேண்டாம்.' அவ்வளவுதானே இருக்கு" என்றேன்.

"அவ்வளவுதான். ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லன்னா யாரு நம்புவா அன்னைக்கு? எங்கண்ணன் என்னைக் கூட்டிட்டுப் போக மறுநாள் வாரான். ஒரு முஸ்லிம் வாத்தியார் பேரு என் நோட்டுல இருந்தா, எனக்கு வேலையும் கிடையாது ஒண்ணும் கிடையாது." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணுமில்லன்னு சொல்லுதது முழு உண்மையும் இல்ல. எனக்கு இருந்துச்சு. அவருக்குத் தெரியாது."

 கேட்க வந்ததைக் கேட்டேன். "மேல நின்னு அழுதிய. புத்தகத்துக்காகத்தானே?"

"புத்தகம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமே. அதுக்கு எதுக்கு அழ? உங்களை அடிக்காவளேன்னு அழுதேன்."

"அழுததுக்கு வாயைத் திறந்திருக்கலாம்."

"திறந்திருக்கலாம்" என்றார். வேறு சமாதானம் ஏதும் சொல்லவில்லை. வயசு, பயம், காலம் என்று ஏதாவது சொல்லியிருந்தால் நான் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பேன். தயாராகத்தான் போயிருந்தேன்.

வாக்குமூலத்தைக் கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் வைத்து மெதுவாகப் படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கினார். "என் கவனக்குறைவால்" என்பதை நேர்கோடாக ஓர் அடி அடித்தார். மேலே, "நான் தெரிந்தே" என்று எழுதினார். பின்பாதியையும் திருத்தினார். "நான் தெரிந்தே புத்தகத்தை ஒளித்து வைத்தேன். வல்லிநாயகம் அடிபடுவதைப் பார்த்தும் உண்மையைச் சொல்லவில்லை." கையொப்பம். தேதி.

ஆயிரக்கணக்கில் மனு எழுதியிருக்கிறேன். தனக்கு எதிராகத் திருத்திக் கையெழுத்துப் போட்டவரை இன்றுதான் பார்த்தேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. தாளை எடுத்து மூன்று தடவை படித்தேன். யாரிடம் காட்டுவது? மேனேஜர் இல்லை. பெரிய முதலாளி இல்லை. அம்மா இல்லை.


22 ஜூலை, செவ்வாய்

முருகம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். சுவரை விட்டு என்னை நேராகப் பார்த்துப் பேசினாள், பத்து நாளைக்குப் பிறகு.

"நீங்களே எழுதுவிய, நீங்களே வாசிப்பிய. நான் எதைக் கண்டேன்?"

அடித்து எழுதியது அந்த அம்மாள் கை என்று விரல் வைத்துக் காட்டினேன். எல்லா எழுத்தும் அவளுக்கு ஒரே மாதிரித்தான் தெரிகிறது.

காகிதத்தை நம்பியே வாழ்ந்துவிட்டேன். அவளுக்கு அது வெறும் காகிதம்.

சாயங்காலம் வடகரைக்குப் போன் செய்தேன். "எழுதிக் கொடுத்தது பத்தாதும்மா. என் வீட்டுக்காரிகிட்ட நேர்ல வந்து சொல்லணும்" என்றேன். கெஞ்சவில்லை. அவர், "ஞாயித்துக்கிழமை வாரேன்" என்றார்.


27 ஜூலை, ஞாயிறு

வந்தார். மகன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் தெருமுனையில் நின்றுகொண்டான். முருகம்மாள் வாங்க என்று சொல்லி, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காப்பி கொடுத்தாள். வந்தவர்களுக்குச் செய்வதில் அவளிடம் குறை சொல்ல முடியாது.

ஜோதிலட்சுமி அம்மாள் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். என்னிடம் சொன்னதைப் போலவே, கூட்டாமல் குறைக்காமல். கனி சார் பெயரையும் மறைக்கவில்லை.  முருகம்மாள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் கேட்டாள்:

"எவ்வளவு நேரம் அடிச்சாவ?"

ஜோதிலட்சுமி அம்மாள் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். "கால் மணி நேரம் இருக்கும்" என்றார்.

"கால் மணி நேரமும் மேலயே நின்னு பாத்தியளா?"

"ஆமா."

"ஏட்டி, நீயெல்லாம் ஒரு பொம்பளையாட்டி!"

வாத்தியாரம்மா, எழுபது வயசு, வீட்டுக்கு வந்தவர்கள் என்று எதுவும் இல்லை. "அப்பன் இல்லாத பிள்ளையைப் போட்டு அடிக்கான், நீ துண்டை வச்சுக்கிட்டு அழுதியா? உன் நோட்டுக்குக் கீழயாட்டி என் புருசன் போயிட்டாரு? இவரு கவுண்டர்ல உக்காந்திருப்பாரு. டம்ளர் கழுவியிருக்காரு ஆறு வருசம், தெரியுமா உனக்கு? அவரு ஆத்தா நம்பாமலே செத்தா. நானும்லா நம்பல! என்னையும்லா நீ அந்தப் பாவத்துல கூட்டுச் சேத்துட்ட!"

 நான் எழுந்து போய், "முருகு, போதும், வயசானவங்க" என்றேன். "நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

ஜோதிலட்சுமி அம்மாள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். போகும்போது புத்தகத்தைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கார் வரைக்கும் நான்தான் கூடப் போனேன், வழியில் பள்ளம் இருக்கிறது.

சாப்பிட உட்கார்ந்தபோது முருகம்மாள் கேட்டாள். "எந்தக் கன்னம்?"

"இடது."

சிறிது நேரம் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மேனேஜரு இருக்கானா?"

"செத்து இருபது வருஷம் ஆச்சு."

"தப்பிச்சான்" என்றாள். ரசத்தை ஊற்றினாள்.

என் பக்கம் நின்று ஒருவர் கோபப்பட்டதை என் வாழ்க்கையில் இன்றுதான் பார்த்தேன்.


3 ஆகஸ்ட், ஞாயிறு

குளிக்கப் போனோம், ஐந்தருவிக்கு, இரண்டு பேரும். கூட்டம். பெண்கள் பக்கத்திலிருந்து தலை துவட்டிக்கொண்டே வந்தவள், அந்த லாட்ஜ் எந்த இடம், காட்டுங்க என்றாள். திரும்பும் வழியில் கூட்டிப்போய்க் காட்டினேன். இடித்துத் தரையாக்கி நீலத் தகரம் கட்டியிருக்கிறார்கள்.  பிறகு பக்கத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம், "இங்கனதான் எங்க வீட்டுக்காரரை..." என்று தொடங்கினாள். நான் ஒரு கிலோ மங்குஸ்தான் வாங்குகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.


9 ஆகஸ்ட், சனி

காலையில் ஜோதிலட்சுமி அம்மாள் போன் செய்திருக்கிறார். நான் குளியலறையில் இருந்தேன். முருகம்மாள் எடுத்து, யார் என்று கேட்டு, "உங்ககூட எனக்குப் பேச்சு கிடையாது" என்று வைத்துவிட்டாள். அத்தோடு போனைக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்கு மேலே வைத்துவிட்டாள். இது பதினைந்து நாளில் மூன்றாவது தடவை.

பால் வாங்கப் போவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்த் திருப்பிக் கூப்பிட்டேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மூடியிருந்த பேன்சி ஸ்டோர் ஷெட்டருக்குக் கீழே ஒதுங்கி நின்றேன்.

"ஆவணியில பேத்திக்குக் காது குத்து. ரெண்டு பேரும் வரணும்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றார்.

"நான் வாரேன். அவளுக்குக் கோபம் ஆறலம்மா. கொஞ்ச நாளாகும்" என்றேன்.

"எவ்வளவு நாளாகும் அண்ணாச்சி?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. நானும் நின்று யோசித்துத்தான் பார்த்தேன்.